பின்னால் நிற்க ஒரு ஆள்

1

இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு எங்கள் வேனுக்கு நானே பொட்டு வைத்தேன். வைத்த இடம் தப்பு. அதனால் நடந்ததை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். தென்னூரில் பிறந்து வளர்ந்தவன். கல்யாணமான சூட்டோடு கனடாவுக்கு வந்து, ரெஜைனா என்கிற ஊரில், ஆஸ்பத்திரி லேபில் அடுத்தவர் ரத்தத்தைப் பரிசோதித்தே ஓய்வு பெற்றவன். ரெஜைனா என்றால் திருச்சியில் ஒருவருக்கும் தெரியாது. "டொராண்டோ பக்கமா?" என்பார்கள். பக்கமாவது மண்ணாவது. விமானம் ஏற வேண்டும். இங்கே கண்ணுக்கெட்டிய தூரம் கோதுமை வயல்; அறுவடை முடிந்ததும் அதே தூரத்துக்குப் பனி.

மனைவி வசந்தி ஸ்ரீரங்கத்துப் பெண். போன வருஷம் ஆயுத பூஜைக்குச் சில நாள் முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரே மகன் கார்த்தி வான்கூவரில் வேலை பார்க்கிறான். ஆக, வீட்டுக்குள் நான் ஒருவன். வாசலில் ஏழு பேர் உட்காரும் ஒரு வெள்ளை மினிவேன்.

சாவு விழுந்த வீட்டில் ஒரு வருஷம் பண்டிகை கிடையாது. அதனால் போன வருஷம் வண்டிக்குப் பொட்டும் இல்லை, எலுமிச்சம்பழமும் இல்லை. இப்போது முதல் வருஷத் தெவசம் முடிந்தது. மறுநாளே ஸ்ரீரங்கத்திலிருந்து மச்சினன் சேகர் போன் செய்தான்.

"மாமா, தெவசம்தான் முடிஞ்சிடுச்சே, இனிமே நல்ல நாள் கும்புடலாம். வண்டிக்குப் பொட்டு வெச்சுடுங்க. அக்கா இருந்தா விட்ருவாளா?"

"அதைத்தான் கார்த்தி விக்கணும்னு நிக்கிறானே சேகர்."

"விக்கிற வரைக்கும் நம்ம வண்டிதானே மாமா" என்றான்.

2

சேகர் அப்படிச் சொல்வதில் ஆச்சரியமில்லை. அது வேன்காரர் வீடு. அவர்கள் அப்பா காலையில் ஸ்ரீரங்கத்துப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய்ப் புத்தூரில் ஸ்கூலில் இறக்குவார். சனி, ஞாயிறு, முகூர்த்த நாள் என்றால் சமயபுரம், திருவெள்ளறை என்று வாடகைக்கு ஓட்டுவார். அவர் போன பிறகு சேகர் வேறொரு வேன் வாங்கி ஓட்டுகிறான்.

அவர்கள் வீடு இருந்த சந்தில் வண்டியைத் திருப்ப முடியாது. தினமும் ரிவர்ஸில்தான் வெளியே எடுத்தாக வேண்டும். பின்னால் ஆள் நிற்காமல் என் மாமனார் கியரில் கை வைக்க மாட்டார். அந்த ஆள் வசந்தி. பள்ளிக்கூடச் சீருடையும் ரெட்டைச் சடையுமாகச் சந்து முனையில் நின்று, "வரலாம், வரலாம், லேசா ஒடிச்சு வரலாம்… ஓல்டான்!" என்று தெருவே கேட்கக் கத்துவாளாம். ஓல்டான் என்றால் 'ஹோல்ட் ஆன்', வண்டி நிற்க வேண்டும். வண்டி ரோட்டுக்கு வந்ததும் அதன் விலாவில் இரண்டு தட்டு. "போலாம் ரைட்!" நான் பெண் பார்க்கப் போன அன்றைக்கு சேகர் இதைச் சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். வசந்தி அவனை முறைத்த முறைப்பில் எனக்கே பயம் வந்துவிட்டது.

இங்கே வந்ததும் எனக்கு முன்னால் லைசென்ஸ் எடுத்தது அவள்தான். பனியில் வண்டி வழுக்கினால் எனக்கு உயிர் போய்விடும். அவள் சிரித்துக்கொண்டே ஸ்டீயரிங்கை ஒடிப்பாள். ஆகவே அவள் ஓட்டுவது, நான் பக்கத்தில் உட்கார்ந்து "மெதுவா, மெதுவா" என்பது என்று வேலை பிரிந்துபோயிற்று. டயர் மாற்றுவது, ஆயில் மாற்றுவது, குளிர்காலத்தில் ராத்திரி எஞ்சின் உறைந்துபோகாமல் இருக்க அதன் ஒயரைச் சுவர் பிளக்கில் மாட்டுவது, எல்லாம் அவள்தான். ஊரில் என் நண்பர்களிடம் இதைச் சொன்னதில்லை. மானம் போய்விடும் பாருங்கள்.

ரிவர்ஸ் எடுக்கிறபோது மட்டும் எனக்கு உத்தியோகம் உண்டு.

"எறங்குங்க. பின்னாடி போய் நில்லுங்க."

"ஏய், கேமராதான் இருக்கே? திரையில பளிச்சுன்னு தெரியுதே."

"கேமரா ஓல்டான்னு சொல்லுமா?"

குரங்குக் குல்லாயை இழுத்து விட்டுக்கொண்டு, முழங்கால் பனியில், ரோட்டு ஓரமாக நின்று "வரலாம், வரலாம்" என்பேன். மூச்சு புகையாக வரும். சத்தம் போதவில்லை என்றால் கண்ணாடியை இறக்கி, "சாப்பிடலையா நீங்க?" என்று கேட்பாள்.

சனிக்கிழமைகளில் அந்த வேனில்தான் ஊரில் இருந்த தமிழ்ப் பிள்ளைகள் எல்லாம் தமிழ் வகுப்புக்குப் போனார்கள். அப்பா ஸ்கூல் வேன் ஓட்டினார், மகள் தமிழ் ஸ்கூல் வேன் ஓட்டினாள். பிள்ளைகள் ஆத்திசூடி கற்றார்களோ இல்லையோ, "ஓல்டான்" கற்றுக்கொண்டார்கள். நான் பின்னால் நின்று ஒரு தடவை சொன்னால் உள்ளே இருந்து ஐந்தாறு தொண்டைகள் திருப்பிக் கத்தும். அந்தப் பிள்ளைகளும் ஆளுக்கொரு ஊராகப் போய்விட்டார்கள். பலர் வீட்டிலேயே தமிழ் பேசுவதில்லை என்று கேள்வி.

இன்னொன்று சொல்ல மறந்தேன். திருச்சிக்காரர்கள் வண்டி வாங்கினால் முதல் ஓட்டம் சமயபுரம். கனடாவில் வாங்கிய வண்டியைச் சமயபுரத்துக்கு எப்படி ஓட்டிப்போவது? வண்டி வாங்கிய வருஷம் வசந்தி ஊருக்குப் போனபோது இரண்டாவது சாவியைக் கையோடு கொண்டுபோனாள். அம்மன் காலடியில் வைத்து வாங்கி, சிவப்புக் கயிறு கட்டிக் கொண்டுவந்தாள். ஏர்போர்ட்டில், சாவி மட்டும் இந்தியாவுக்கு ஏன் போய்விட்டு வருகிறது என்று கேட்டார்களாம். "ஆசீர்வாதம் வாங்க" என்றாளாம். விட்டுவிட்டார்கள்.

3

அவள் போன பிறகு வண்டி என் தலையில் விழுந்தது.

இங்கே டிரைவர் இடது பக்கம். நானோ வலது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்துவிடுவேன். உட்கார்ந்து பெல்ட்டும் போட்டுக்கொண்டு காத்திருப்பேன். சற்று நேரம் கழித்துத்தான் ஓட்ட வேண்டிய ஆள் நான் என்று உறைக்கும். பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அம்மாள் பார்த்துவிட்டு, "உங்கள் நாட்டில் ஸ்டீயரிங் வலது பக்கம் அல்லவா, பழக்கம் போகாது" என்று ஆறுதல் சொன்னார். அதுதான் காரணம் என்று இருக்கட்டுமே என்று நானும் தலையாட்டினேன்.

முதல் குளிர்காலத்தில் பக்கத்துக் கதவு நகராமல் முரண்டு பிடித்தது. மினிவேன் கதவு தண்டவாளத்தில் ஓடுகிற மாதிரிப் பின்னால் நகர வேண்டும். எண்ணெய் விட்டால் சரியாகிவிடும் என்று சமையலறைக்குப் போய்த் தேங்காய் எண்ணெய் பாட்டிலை எடுத்தேன். அது கட்டியாக இருந்தது. அப்போதாவது புத்தி வந்திருக்க வேண்டாமா? அடுப்பில் உருக்கி, தாராளமாக ஊற்றினேன். மறுநாள் காலை கதவு முழுக்க வெண்ணெய் தடவியது போல வெள்ளையாக இறுகிக் கிடந்தது. தென்னூரில் வருஷம் முழுக்கத் தண்ணீராக இருக்கிற எண்ணெய் இங்கே கல்லாகும் என்று லேபில் வேலை பார்த்தவனுக்குத் தோன்றவில்லை. பனிக்காலம் முடிகிறவரை பின் சீட்டில் யாரும் ஏற முடியவில்லை. ஏற யாரும் இருக்கவும் இல்லை.

ரிவர்ஸ்தான் பெரிய பாடு. முதல் தடவை தனியாக எடுத்தபோது, இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்தேன். ஏறினேன். மறுபடி சந்தேகம், மறுபடி இறங்கினேன். பக்கத்து வீட்டு அம்மாள், "எதையாவது தேடுகிறீர்களா?" என்றார். பூனை என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து பார்க்கிறபோதெல்லாம் என் பூனையை விசாரிக்கிறார்.

கார்த்தி ஞாயிறுதோறும் கூப்பிடுவான். கெட்டிக்காரன், பாசமானவன், ஆனால் எதற்கும் ஒரு தீர்வு வைத்திருப்பான்.

"அப்பா, ஏழு சீட்ல ஒரு ஆள். வேஸ்ட் இல்லையா? சின்னக் காரா வாங்கிக்கலாம். நான் ஆன்லைன்ல போட்டுடறேன், நீ ஒண்ணும் பண்ண வேணாம்."

"நீ வந்தா உக்கார வேணாமா?"

"நான் ஏர்போர்ட்லயே வாடகைக்கு எடுத்துப்பேன்பா."

உன் அம்மா வண்டியடா அது என்பது வாய் வரை வந்தது. அவனுக்கு அது புரியாமல் இல்லை. புரிந்துகொண்டுதான் வேகப்படுத்துகிறான் என்று தோன்றியது. அப்பா அந்த வண்டியில் சும்மா போய் உட்கார்ந்திருக்கிறார் என்று யாரோ அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். வேறு யார், பூனை அம்மாள்தான். சரி, போடு என்றேன்.

4

விற்க வேண்டும் என்றால் முதலில் வண்டியின் பதிவிலிருந்து வசந்தி பெயரை எடுக்க வேண்டும். இரண்டு பேர் பெயரிலும் இருந்தது. அலுவலகத்தில் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். கவுன்டரில் ஒரு சின்னப் பெண்.

"இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். உங்கள் மனைவி வந்திருக்கிறாரா?"

என் இங்கிலீஷ் மோசமில்லை. ஆனால் சில நேரம் அது திருச்சிக்குத் திரும்பிப் போய்விடும். "ஷி கேம் இல்லை, ஷி…" என்று தொடங்கி நின்றுவிட்டேன். சான்றிதழை எடுத்து நீட்டினேன். அந்தப் பெண் படித்தாள். "ஐ ஆம் ஸோ ஸாரி" என்றாள். நிஜமாகவே வருத்தப்பட்டாள், குறை சொல்லக் கூடாது. வருத்தப்பட்டுக்கொண்டே தட்டினாள். இயந்திரம் புதுக் காகிதத்தைத் துப்பியது. அதில் என் பெயர் மட்டும் இருந்தது.

"வேறு ஏதாவது உதவி வேண்டுமா?" என்றாள். வண்டியை ரிவர்ஸ் எடுக்கப் பின்னால் நிற்கிறாயா அம்மா என்று கேட்க முடியுமா? நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

5

ஆயுத பூஜை அன்று காலையில் வண்டியைக் கழுவினேன். கை விறைத்தது. ஊரில் அன்றைக்குத் தெருவுக்குத் தெரு பொரியும் பூசணிக்காயுமாக இருக்கும். ஆட்டோவெல்லாம் வாழைக்கன்று கட்டிக்கொண்டு கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிற்கும். இங்கே எங்கள் தெருவில் குப்பை லாரி தவிர எதுவும் ஓடவில்லை.

ஒரு வருஷம் தவறிப்போனதற்கும் சேர்த்துச் செய்ய வேண்டும் என்று எனக்கு ஒரு வேகம். சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்தேன். முன் கண்ணாடி, விளக்குகள், ஸ்டீயரிங், நாலு சக்கரம், கதவுகள், ஒன்றையும் விடவில்லை. பின்னால் நம்பர் பிளேட்டுக்கு மேல் உருண்டையாக ஒரு குமிழ் மாதிரி இருந்தது. பொட்டு வைக்கவே செய்த இடம் போல இருந்தது. பெரிதாக ஒரு சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, வண்டியை முன்னால் நகர்த்தி நசுக்கினேன். சூடம் காட்டினேன். கும்பிடப் பக்கத்தில் யாருமில்லை என்பது அப்போதுதான் பலமாக உறைத்தது. அழுதேன். சொல்வதற்கு என்ன வெட்கம்.

இரண்டு நாள் கழித்து வண்டியைப் பார்க்க ஒரு பிலிப்பைன்ஸ் குடும்பம் வந்தது. அந்தப் பெண்ணின் பெயர் ஜாய். அவள்தான் ஓட்டுவாளாம், கணவன் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்தான். அவனைப் பார்த்ததுமே எனக்குப் பிடித்துப்போயிற்று. மூன்று பிள்ளைகள் பின்னால் ஏறிச் சீட்டுகளை மடக்கி விரித்து அமர்க்களம் செய்தார்கள். ஜாய் ரிவர்ஸ் போட்டாள். திரையில் ஒரே மஞ்சள் மூட்டம். ஒன்றும் தெரியவில்லை.

"கேமரா போய்விட்டதா?"

"போய்விட்டது போலிருக்கிறது" என்றேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். பிள்ளைகள் உள்ள வீடு, கேமரா இல்லாமல் முடியாது, யோசித்துச் சொல்கிறோம் என்று போனார்கள். எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். வீட்டுக்குள் வந்து இரண்டாவது காபி போட்டுக் குடித்தேன்.

கார்த்திக்குச் சொன்னேன். "ரிப்பேர் பண்ணிடலாம்பா, பெரிய விஷயமில்ல" என்றான். "அதுவரைக்கும் பாத்து எடு. நான்கூட இங்க ரிவர்ஸ் எடுக்கறப்ப மனசுக்குள்ள வரலாம் வரலாம்னுதான் சொல்லிக்கறேன். ஃப்ரெண்ட்ஸ் சிரிப்பாங்க."

இதை அவன் இதுவரை என்னிடம் சொன்னதில்லை.

6

சேகரிடம் வீடியோவில் சொன்னேன். எனக்குக் காலை, அவனுக்குச் சாயங்காலம். ராஜகோபுரத்துக்கு அருகே சவாரிக்குக் காத்திருந்தான். பின்னால் பஸ் ஹாரன் காதைப் பிளந்தது.

"கேமரா எங்க மாமா இருக்கு, காட்டுங்க."

அப்போதுதான் எனக்கே உறுத்தியது. போனைத் தூக்கிக்கொண்டு வண்டியின் பின்பக்கம் போனேன். நான் பொட்டு வைத்த குமிழ் அப்படியே காய்ந்து கிடந்தது. சேகர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். பிறகு அவன் சிரித்த சிரிப்பில் போன் கையிலிருந்து விழப் பார்த்தது.

"ஐயோ மாமா! கண்ணுலயா பொட்டு வெப்பாங்க? அப்பா என்னா சொல்லுவாரு, நெத்திக்குத்தான் பொட்டு, கண்ணுக்கு இல்லேம்பாரு. அக்கா நெத்தியிலதான் வெப்பா. மேல பாருங்க!"

துண்டை நனைத்துக் கேமராவைத் துடைத்தேன். குனிந்து மேலே பார்த்தேன். கேமராவுக்கு மேல் கதவின் தகடு கூரை மாதிரி வளைந்திருக்கும். அதன் அடியில், மழையும் பனியும் படாத உள்பக்கத்தில், விரல் நுனி அளவுக்குச் சிவப்பாக ஒரு கறை. சந்தனம் உதிர்ந்துவிட்டது. குங்குமம் மட்டும் வெள்ளைப் பெயின்ட்டில் ஊறிக் கிடந்தது. போன வருஷத்துக்கும் முந்தின வருஷம் அவள் வைத்தது. ஒரு வருஷமாக நான் வண்டியைக் கழுவியிருக்கிறேன், குனிந்து பார்த்ததில்லை.

சேகருக்கும் காட்டினேன். சிரிப்பு நின்றுபோயிற்று.

"அக்கா பொட்டுதான்" என்றான்.

"சேகர், நான் இதை விக்கலைப்பா. கார்த்திகிட்ட சொல்லிடறேன்."

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"மாமா, நான் சொன்னா கோச்சுக்காதீங்க. அப்பா போனப்ப நான் அவரு வண்டிய ஷெட்ல விட்டுப் பூட்டிட்டேன். தொட மாட்டேன்னு அடம் புடிச்சேன். அக்காதான் அங்கேருந்து போன் பண்ணி வாங்கு வாங்குன்னு வாங்குனா. ஆள் ஏத்தாத வண்டி என்னத்துக்குடா, எலி குடி வெக்கவா, ஓட்டுற கையில குடுன்னா. அப்புறந்தான் குடுத்தேன். குடுத்துட்டு மூணு நாளு சாப்பிடல, அது வேற கதை."

இது எனக்குத் தெரியாது. வசந்தி அன்றைக்குப் போனை வைத்துவிட்டு என்ன செய்தாள் என்று யோசித்துப் பார்த்தேன். நினைவில்லை.

"வாங்க வந்தவங்க எப்படி மாமா?"

"அந்தப் பொண்ணுதான் ஓட்டுமாம். புருஷன் பக்கத்துல உக்காருவானாம்."

"அப்புறம் என்ன" என்றான் சேகர்.

நான் ஜாய்க்கு போன் செய்து, கேமரா சரியாகிவிட்டது என்றேன். என்ன கோளாறு என்று கேட்டாள். பூஜை செய்தோம் என்று விளக்கப் பார்த்தேன். அவள் புரிந்துகொண்டு, தன் ஊரில் புது வண்டிக்குப் பாதிரியார் வந்து தண்ணீர் தெளிப்பார் என்றாள்.

7

சனிக்கிழமை வந்தார்கள். ராத்திரி லேசாகப் பனி விழுந்திருந்தது. கார்த்தி வரவில்லை, காகிதமெல்லாம் சரியா என்று காலையில் இரண்டு தடவை கேட்டான். மூன்றாம் தடவை கூப்பிட்டு ஒன்றும் கேட்காமல், "ஓகேவா அப்பா?" என்றான்.

இரண்டு சாவிகளையும் கொடுத்தேன். ஜாய் சிவப்புக் கயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். கழற்றட்டுமா, உங்களுக்கு வேண்டுமா என்று கேட்டாள். சாவியோடு கோயிலுக்குப் போய்வந்த கயிறு, சாவியோடு இருக்கட்டும் என்றேன். பின்பக்கத் தகட்டுக்கு அடியில் ஒரு சிவப்பு இருக்கிறது, அதைத் தேய்த்துக் கழுவாதே என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. வண்டி அவளுடையது.

பிள்ளைகள் ஏறினார்கள். பக்கத்துக் கதவு ஒரு முரண்டும் செய்யாமல் ஓடி மூடிக்கொண்டது. கணவன் வலது பக்கம், என் இடத்தில், உட்கார்ந்து பெல்ட் போட்டான். ஜாய் சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டாள். ரிவர்ஸ் விளக்கு எரிந்தது. நான் வாசல் படியில்தான் நின்றிருந்தேன். எப்படி இறங்கினேன், எப்போது ரோட்டு ஓரத்துக்குப் போனேன் என்று தெரியவில்லை. கை தானாக உயர்ந்தது.

"வரலாம்" என்றேன்.

சத்தம் போதவில்லை. சாப்பிட்டாயிற்று, சாப்பிட்டாயிற்று.

"வரலாம், வரலாம்! லேசா ஒடிச்சு வரலாம்…"

அவளுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டி, திரையைப் பார்க்காமல், என் கையைப் பார்த்துக்கொண்டே வந்தாள். வேலியைத் தாண்டினாள். நடைபாதையைத் தாண்டினாள். பூனை அம்மாள் ஜன்னலில் நின்று பார்த்தார்.

"ஓல்டான்!"

நின்றாள். உள்ளேயிருந்து சின்னது ஒன்று, "ஓல்டான்!" என்று திருப்பிக் கத்தியது.

வண்டி ரோட்டில் நேராகத் திரும்பி நின்றது. நான் பக்கத்தில் போனேன். பனியில் குளிர்ந்து கிடந்த விலாவில் உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினேன்.

"போலாம் ரைட்" என்றேன்.